கீழாநெல்லிக்குப் பாத்தி கட்டியவர்

அந்தக் கொட்டகைக்குக் குடிபோன புதிதில் நான் முழுசாக விழித்திருந்தேனா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். மகாபலிபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில், கீற்று வேய்ந்த ஒற்றை அறை. வெளியே நின்றால் கடல் கேட்கும். உள்ளே வந்து கண்ணை மூடினால் இன்னும் நன்றாகக் கேட்கும். காலையில் எழுந்து பார்த்தால் பாயைச் சுற்றி மெல்லிசாக மணல் படிந்திருக்கும். தெற்கத்திக் காற்று வீசும் நாட்களில் கல் செதுக்குகிறவர்களின் உளிச் சத்தம் விட்டுவிட்டு வரும். அதையும் தூக்கத்தோடு சேர்த்துக்கொண்டு மறுபடி புரண்டு படுப்பேன். எழுப்ப யாரும் கிடையாது. அதுதான் விசேஷம்.

அதற்கு முன்னால் செங்கல்பட்டில் என் கணவரின் அண்ணன் வீட்டில் இருந்தோம். நல்ல வீடு, நல்ல மனிதர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக் குழம்பில் நான் ஒரு கல் உப்பு போட்டதில்லை. காய் நறுக்குவேன், தேங்காய் துருவுவேன், பாத்திரம் கழுவுவேன். உப்பு போடுவது மட்டும் ஓரகத்தி. "நீ இரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அன்பாகத்தான் சொல்வாள். அந்த அன்பைத் தாங்க முடியாமல் எத்தனையோ நாள் கொல்லைப்பக்கம் போய் நின்றிருக்கிறேன்.

கணவர் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். ஒரு நாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டு மூலிகைப் பயிர் செய்யப்போவதாகச் சொன்னார். கடலோரத்தில் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் பார்த்திருக்கிறாராம். வீடே அவர்மேல் பாய்ந்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய மூலிகைமேல் எனக்கு அக்கறை ஒன்றும் இல்லை. அங்கே ஒரு அடுப்பு இருக்கும், அது என்னுடையதாக இருக்கும் என்று மட்டும் என் மனசு கணக்குப் போட்டது.

என்ன மூலிகை என்று கேட்டபோதுதான் சிரிப்பு வந்தது. கீழாநெல்லி! ஊரில் எல்லோரும் களை என்று பிடுங்கி எறிவதை இவர் பாத்தி கட்டி, விதை தூவி, தண்ணீர் ஊற்றி வளர்க்கப்போகிறார். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஒரு சித்த வைத்தியர் இருந்தார். மஞ்சள் காமாலைக்கு அவரிடம் கூட்டம் வரும். சாலையோரத்தில் பறித்துவருகிற தழையில் வேறு செடி கலந்துவிடுகிறது என்று அவருக்குப் பெரிய குறை. ஒரே இடத்தில் சுத்தமாக விளைந்தால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

முதல் விளைச்சலுக்குக் கணவர் யூரியா போட்டார், இரண்டு வேளையும் தண்ணீர் விட்டார். செடிகள் அரைக்கீரை மாதிரி தளதளவென்று வந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. கட்டுக் கட்டாகக் கொண்டுபோய் வைத்தியர் முன்னால் வைத்தோம். அவர் ஒரு செடியை வேரோடு எடுத்து உதறி, வாயில் போட்டு மென்று, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"தழை இருக்கு. மருந்து இல்லையேப்பா. இதைப் பொரியல்தான் பண்ணணும்" என்றார்.

அன்றைக்கே விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் தம்பியின் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்றும், தலைமையாசிரியரிடம் பேசி வைத்திருப்பதாகவும் சொன்னார். "பங்குனி வரைக்கும் இன்னொரு தடவை பாரு. அப்பவும் வைத்தியர் வேணாம்னுட்டா, ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துடுங்க." நியாயமான பேச்சு. கணவரும் தலையாட்டினார். எனக்கு மட்டும் தலை ஆடவில்லை. அந்தக் கொட்டகை என் உயிராகிவிட்டிருந்தது. ஜூன் மாதம் ஓரகத்தியின் அடுப்பங்கரையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தாலே அழுகை முட்டியது.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மன்காரி வந்தாள். சிற்பங்களைப் பார்க்க வந்தவள், கடல் பிடித்துப்போய் மகாபலிபுரத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சாயங்காலம் கரையோரமாக நடந்து எங்கள் நிலம் வரை வருவாள். அவள் ஊரில் அவள் அப்பா ஒரு மாதிரி விவசாயம் செய்கிறாராம். யூரியா கிடையாது, மருந்தடிப்பது கிடையாது. பசுவின் கொம்புக்குள் ஈரச் சாணியை அடைத்து மண்ணில் புதைப்பார்களாம். குளிர்காலம் முழுக்க அது பூமிக்குள் கிடக்க வேண்டும். அப்புறம் எடுத்துத் தண்ணீரில் கலக்கி நிலத்தில் தெளித்தால், செடி வானத்தைப் பார்த்து வளருமாம், மருந்துச் செடியில் மருந்து சேருமாம். விதைப்பதற்கும் சந்திரன் எந்த ராசியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வேருக்கு ஒரு நாள், இலைக்கு ஒரு நாள், பூவுக்கு ஒரு நாள். அவள் சொன்னதில் பாதியை அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மீதி பாதி இவருடைய இங்கிலீஷுக்குப் பிடிபடவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கள் புது விவசாயம் பிறந்தது. புரட்டாசிக் கடைசியில் அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

ஐப்பசியில் கணவர் பல்லாவரத்துத் தோல் மண்டிக்குப் போய் ஒரு கோணி நிறையக் கொம்பு வாங்கிவந்தார். "சீப்பு செய்யவா?" என்று கேட்டார்களாம். மண்ணில் புதைக்க என்று இவர் சொன்னதும் பரிதாபப்பட்டு மேற்கொண்டு சில கொம்புகளைச் சும்மாவே போட்டிருக்கிறார்கள். ரயிலில் அந்தக் கோணியைப் பார்த்துப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, காலை நீட்டிக்கொண்டு வந்தேன் என்றார் சந்தோஷமாக.

பக்கத்து மாட்டுக்காரரிடம் சாணி வாங்கி, கொம்பு கொம்பாக அடைத்து, நிலத்தின் ஈசானி மூலையில் குழி தோண்டிப் புதைத்தோம். மண்ணைத் தள்ளி மூடியபோது மழை பிடித்தது. அந்த வருடத்து மழை அப்படியொரு மழை. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லாமல் போய்விட்டது. நாங்கள் கொட்டகைக்குள் உட்கார்ந்து, நனைந்த சவுக்கு விறகின் புகையில் கண் எரிய, மண்ணுக்கடியில் கிடக்கும் கொம்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அவர்தான் பேசுவார். மாடு கொம்பால்தான் வானத்தைக் கேட்கிறது என்பார். இப்போது அவை பூமியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பார். நான் ரசத்துக்கு உப்பு போட்டு, ருசி பார்த்து, ஒரு கல் அதிகமாகவே போடுவேன். வெளியே மழை. எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மழை ஓய்ந்து மார்கழிக் கடைசியில் விதைத்தார். அதற்குள் பெரிய ஆராய்ச்சி. கீழாநெல்லியை வேரோடு பிடுங்கித்தான் மருந்துக்கு எடுப்பார்கள். அப்படியானால் வேர் நாளில் விதைப்பதா, இலை நாளில் விதைப்பதா? ஜெர்மன்காரி இதைச் சொல்லவில்லை. பாம்புப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தனக்குள்ளேயே வாதாடினார். கடைசியில் பாதி நிலத்தை ஒரு நாளும் மறுபாதியை இன்னொரு நாளும் விதைத்தார். இரண்டும் ஒன்றாகத்தான் முளைத்தன.

தை பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். எனக்கு மீன் கொடுக்கிற அக்கா கூடையை இறக்கி வைத்தாள். கூடையில் மீன் இல்லை, நாலைந்து நண்டு கிடந்தது. அவள் பக்கத்துக் குப்பத்துக்காரி. அவள் புருஷன் கட்டுமரத்தில் போகிறவர்.

"இன்னா கண்ணு, கொம்பு பொதச்சி வெச்சிகிறீங்களாமே, நெஜமா?"

"யாருக்கா சொன்னது?"

"நாயி சொல்லிச்சி. ஒண்ண நோண்டி எடுத்து வாயில கவ்விக்கினு குப்பத்தையே சுத்தி வந்துகினு கீது. அல்லாரும் பாத்தாச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கடல்ல ஒரு மீனு படல. எங்க வூட்டு ஆளு வலைய எட்துக்கினு போறாரு, வெறும் வலையோட வர்றாரு. உங்க கொம்பாலதான்னு பேசிக்கிறாங்க. நீ நல்லவ, உனுக்கோசரம் சொல்றேன். எட்துப் போட்டுடச் சொல்லு உன் வூட்டுக்காரர."

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. அதற்குள், குப்பத்திலிருந்து கூலிக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். மறுநாள் குப்பத்து நாட்டாரே வந்துவிட்டார். நாட்டார் என்றால் குப்பத்தின் பெரிய தலை, அவர் சொன்னால் சொன்னதுதான். வெள்ளை மீசை, தோளில் துண்டு. மரியாதையாகத்தான் கேட்டார்.

"இன்னா வாத்யாரே, இன்னாத்துக்கு அது?"

அந்த இடத்தில் வேறு எந்த மனிதனாக இருந்தாலும் "எரு" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பான். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. குறைத்துச் சொல்லவும் வராது. சயின்ஸ் வகுப்பு எடுப்பதுபோல ஆரம்பித்தார்.

"நிலா வெளிச்சமும் நட்சத்திரத்தோட சக்தியும் பூமிக்குள்ள எறங்குதுங்க. கொம்பு அதை இழுத்துப் பிடிச்சு உள்ளயே வெச்சுக்கும். பங்குனியில வெளிய எடுத்து, தண்ணியில கலக்கித் தெளிச்சோம்னா, நிலத்துக்கு உசுரு வரும்."

நாட்டார் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"யாரோட உசுரு?" என்று கேட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், குப்பத்தார் முன்னிலையில், எல்லாக் கொம்பையும் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. எடுக்காவிட்டால் அந்தப் பக்கம் நாங்கள் குடியிருக்க முடியாது.

"பங்குனி வரைக்கும் இருக்கணுமே, பாதியில எடுத்தா என்ன பிரயோஜனம்?" என்று இவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"எருன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"அது எரு இல்லம்மா."

"உங்களுக்கு இல்ல. ஊருக்கு எரு, எனக்கு எரு. இனிமே யார் கேட்டாலும் எரு. நிலா நட்சத்திரம்னு இன்னொரு தரம் வாயைத் திறந்தீங்கன்னா நான் பஸ் ஏறி எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து நாங்கள் இருவருமே ஊற்றுக்குழியிலிருந்து குடத்தில் மொண்டு ஊற்றினோம். எவ்வளவு ஊற்றினாலும் மணல் குடித்துவிடும். செடிகள் குட்டையாக, இலை சிறுத்து, தண்டு சிவந்து நின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜூன் மாதம்தான் கண்ணில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குப்பமே வந்து மணலில் உட்கார்ந்தது. கணவர் மண்வெட்டியால் மெதுவாக மண்ணைத் தள்ளினார். கொம்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் ஒரு கொம்பைத் தலைகீழாகத் தட்டினார். உள்ளிருந்து கறுப்பாக, பொலபொலவென்று மண் மாதிரி ஒன்று விழுந்தது. சாணி என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மீன்கார அக்கா மட்டும் தைரியமாகக் கிட்டே வந்து, குனிந்து மோந்து பார்த்தாள்.

"சாணி நாத்தமே இல்லியே! மழ பேஞ்ச வாசன அடிக்குது."

வெளியே எடுத்ததை வீணாக்க இவருக்கு மனசில்லை. பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஒரு கொம்பின் மண்ணைக் கரைத்து, நீளக் கழியால் கலக்க ஆரம்பித்தார். ஜெர்மன்காரி சொன்ன முறை அது. ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி, நடுவில் ஆழமாகச் சுழி விழுந்ததும், சட்டென்று எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அந்தச் சுழி உடைந்து, நுரைத்து, புதுச் சுழி விழும். உடனே மறுபடி இந்தப் பக்கம். இப்படியே ஒரு மணி நேரம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அண்டாத் தண்ணீர் செம்பு நிறத்தில் சுழன்றது. பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்குக் கண் சொக்கியது. கடல் சத்தமும் கழியின் சத்தமும் ஒன்றாகிவிட்டன. நான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

மீன்கார அக்காதான் முதலில் கத்தினாள்.

"அய்ய, இந்தப் பக்கம் சுத்துறாரு, அந்தப் பக்கம் சுத்துறாரு! கண்ணு கழிக்கிறாருடி! சுத்திப் போடுறாரு!"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு பரவியது. பிள்ளைக்குக் கண்ணேறு பட்டால் உப்பும் மிளகாயும் எடுத்து இடமும் வலமுமாகச் சுற்றிப் போடுவது எந்த வீட்டில் இல்லை? வாத்தியார் வைத்ததை வாத்தியாரே எடுத்துக் கழிக்கிறார் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. கணவர் கழியை நிறுத்தாமலே விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் பின்னால் போய் நின்று முதுகில் நறுக்கென்று கிள்ளினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். கண்களில் தண்ணீர் நின்றது. கிள்ளியதாலா, வேறெதனாலா என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

நாட்டார் எழுந்து வந்தார். "மரத்துக்குத் தெளிக்க எங்களுக்கும் கொஞ்சம் குடு வாத்யாரே" என்றார். சொம்பு, குடம், அலுமினியப் போசி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நிலத்துக்கென்று கலக்கிய தண்ணீரில் பெரும்பகுதி கரைக்குப் போயிற்று. மங்கலில், வரிசையாகக் கிடந்த கட்டுமரங்கள்மேல் வேப்பிலைக் கொத்தால் அதைத் தெளித்துக்கொண்டு பெண்கள் நடந்தது இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. மிச்சம் இருந்ததை இவர் தென்னந்துடைப்பத்தால் நிலம் முழுக்கத் துளித்துளியாகத் தெளித்தார்.

அடுத்த வாரம் நெத்திலி பட்டது. வருடா வருடம் அந்தச் சமயத்தில் நெத்திலி படும் என்பது என் கட்சி. குப்பத்தார் கட்சி வேறு. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மீனுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

பங்குனியில் செடிகளை வேரோடு பிடுங்கினோம். வெயில் பட்டால் பச்சை போய்விடும் என்று கொட்டகைக்குள்ளேயே கயிறு கட்டி, சின்னச் சின்னக் கட்டுகளாகத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். அறை முழுக்கச் செடி. அதற்குக் கீழேதான் சமையல், அதற்குக் கீழேதான் படுக்கை. படுத்தால் இலைக்கடியில் கோத்த பச்சை முத்துகள் முகத்துக்கு மேலே ஆடும். நாக்கில் எப்போதும் லேசாகக் கசந்தது. சோற்றிலும் கசந்தது. அது கனவா நிஜமா என்று தெரியாமலே அந்த நாட்கள் போயின.

ஒரு நாள் மதியம் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனோம். திருக்கழுக்குன்றம் வந்தபோது மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எனக்காக வேண்டிக்கொண்டேன், அவருக்காக இல்லை. கடையில் வைத்தியர் கட்டைப் பிரித்து, குட்டையான அந்தச் செடியை மேலும் கீழும் பார்த்தார். வாயில் போட்டு மென்றார். மென்றவர் முகம் கோணியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். துப்பவில்லை, விழுங்கினார். ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"இது மருந்து. எவ்வளவு இருந்தாலும் கொண்டா. என்னப்பா பண்ண இதுக்கு?"

கொம்பா, குடத்துத் தண்ணீர் பத்தாத தாகமா, உப்புக்காற்றா, யூரியா போடாததா? எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் கணவரிடம் பதில் இருந்தது. மழைக்காலம் முழுக்க எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பதில். கேட்டுத் தலையாட்டக்கூடிய ஒரே மனிதர் இப்போது எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். கணவர் என் பக்கம் திரும்பி ஒரு கணம் பார்த்தார்.

"எரு வெச்சோம்ங்க" என்றார்.

"என்ன எரு?"

"மாட்டெருதான்."

வைத்தியர் சரி என்று கட்டுகளை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். கொட்டகை எனக்குத்தான். அடுப்பு எனக்குத்தான். குதித்திருக்க வேண்டும். ஆனால் கணவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டுகளை உள்ளே தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லிக்கொடுத்த சொல்லை அவர் பிசகாமல் ஒப்பித்துவிட்டார். அந்தக் கொட்டகையை எனக்குக் கொண்டுவந்து கொடுத்ததே நிலாவையும் நட்சத்திரத்தையும் நம்புகிற அவருடைய மனசுதான். எருவை நம்புகிற மனிதராக இருந்திருந்தால் நான் இன்னும் தேங்காய்தான் துருவிக்கொண்டிருப்பேன்.

திரும்புகிற பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வெளிச்சம் மங்கிவிட்டது. வயல்களுக்கு மேலே ஒரு நட்சத்திரம் தெரிந்தது. நான் அவர் கையை இடித்தேன்.

"இன்னைக்கு என்ன நாளு? வேர் நாளா, இலை நாளா?"

கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

"நிலா பத்திப் பேசினா பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னியே."

"ஏறியாச்சு. இந்த பஸ் அங்க போகாது. சொல்லுங்க."

முதலில் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். சந்திரன் எந்த ராசியில் நிற்கிறது, அதற்கும் வேருக்கும் என்ன சம்பந்தம், புது மழைக்கு முன்னால் எத்தனை கொம்பு வாங்க வேண்டும், கலக்கும்போது அந்தச் சுழிக்குள் எது இறங்குகிறது. பேசப் பேசக் குரல் ஏறியது. முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன். ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. மகாபலிபுரத்தில் பஸ் நின்று கண்டக்டர் இறங்கச் சொன்னபோது, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டேதான் இறங்கினேன்.